பழைய ஃபோர்டும் வற்றிய ஏரியும்

"ஏதாவது எழுதிக் கொடு. ஆனால் ஹாஸ்டல் மெஸ் பற்றி மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நாலு பேர் எழுதிவிட்டார்கள்" என்று மலர்க்குழு நண்பர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஆகவே சாம்பாரை விட்டுவிட்டு சரித்திரத்துக்கு வருகிறேன். ராஜா ராணி சரித்திரம் இல்லை. கிரீஸ் கறை படிந்த சரித்திரம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு முன்னாள் மாணவர் கூட்டத்திலும் இறுதியாண்டு மெக்கானிக்கல் தம்பி யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து, "அண்ணா, பழைய கார் ஒண்ணு சல்லிசா கிடைச்சிருக்கு. பிக்கப் ஏத்தணும். என்ன பண்ணலாம்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கையில் காபி டம்ளரை வைத்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமா இது? அதனால்தான் இந்தக் கட்டுரை.

இதே கேள்வியை ஏறக்குறைய 90 வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இதே வயசுப் பையன்கள் கேட்டார்கள். அவர்களில் பல பேர் என்ஜினியரிங் படித்தவர்கள் இல்லை. கையில் காசும் இல்லை. பெட்ரோல் பங்க்கில் வேலை, மெக்கானிக் ஷெட்டில் வேலை, சாயங்காலம் வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய ஃபோர்டு. அவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்த பதில்கள்தான் பிற்பாடு பெரிய கம்பெனிகளுக்கே பாடமாயின. 'ஹாட் ராட்' என்று பெயர் பெற்ற அந்தக் கார்களின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அதில் எந்த பாகத்தை மாற்றினார்கள் என்பது பாதிக் கதை. மாற்றியபின் கார் உண்மையிலேயே தேறியதா என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்பது மீதிப் பாதி. நம் தம்பிகள் கேட்க மறந்துவிடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

ஏழையின் கார்

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் 1908-ல் பிறந்து 1927 வரை தயாரிப்பில் இருந்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்து தள்ளினார்கள். 2.9 லிட்டர் இன்ஜின். ஆனால் சக்தி என்னவோ 20 குதிரைதான். மணிக்கு 65, 70 கிலோமீட்டர் போனால் அதிகம். அடுத்து வந்த மாடல் ஏ காருக்கு 3.3 லிட்டர், 40 குதிரைத்திறன்.

இவ்வளவு கார் ஊரில் ஓடினால் என்ன ஆகும்? பழசு மலிவாகக் கிடைக்கும். உதிரி பாகம் மூலைக்கு மூலை கிடைக்கும். கழற்றி மாட்டத் தெரிந்தவன் தெருவுக்கு ஒருவன் இருப்பான். வேகம் கூட்டும் பாகங்களுக்குச் சந்தை உருவானது இப்படித்தான். இதில் ஒரு வேடிக்கை. ஃபோர்டு காரை வேகப்படுத்த 'ஃபிரான்டனாக்' என்ற பெயரில் சிலிண்டர் ஹெட் செய்து விற்றவர்கள் செவர்லே சகோதரர்கள்! ஆமாம், அதே செவர்லேதான். லூயி செவர்லே தன் பெயர் தாங்கிய கம்பெனியை விட்டு முன்பே வெளியே வந்துவிட்டவர். போட்டிக் கம்பெனியின் காருக்குத் தலை செய்து கொடுத்தார்.

1932 மார்ச் 31

ஃபோர்டு தன் வி-8 இன்ஜினை அறிமுகப்படுத்திய தேதி இது. அதற்கு முன்பும் எட்டு சிலிண்டர் இன்ஜின்கள் உண்டு. காடிலாக் 1914-லேயே கொண்டுவந்துவிட்டது. ஆனால் அதெல்லாம் பணக்காரர் சமாச்சாரம். ஃபோர்டு செய்த சாதனை, இரண்டு பக்கத்து சிலிண்டர் வரிசைகளையும் கிராங்க் கேஸையும் ஒரே வார்ப்பாக வார்த்தது. ஃபவுண்டரி வகுப்பில் ஒரு சின்ன கோர் உடைந்ததற்கே நாம் திட்டு வாங்கியிருக்கிறோம். அத்தனை சிக்கலான கோர்களை ஒன்றாகக் கோத்து, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் வார்ப்பது என்றால் யோசித்துப் பாருங்கள். அதன் பலனாக 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன் கொண்ட எட்டு சிலிண்டர் காரை 460 டாலருக்குக் கொடுக்க முடிந்தது.

இந்த இன்ஜினில் வால்வுகள் தலையில் இல்லை. சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். தலை என்பது வெறும் தட்டையான மூடி. அதனால் செல்லப் பெயரே 'தட்டைத் தலை' ஆகிவிட்டது. வீட்டு மெக்கானிக்குக்கு இது வரப்பிரசாதம். நட்டுகளைக் கழற்றினால் மூடி கையோடு வந்துவிடும். உள்ளே பிஸ்டன், வால்வு எல்லாம் பார்வைக்குத் தெரியும். ராக்கர் ஆர்ம், புஷ் ராட் என்ற தொந்தரவு கிடையாது.

குறைகளும் இல்லாமல் இல்லை. எரிந்த வாயு வெளியே போகும் வழி பிளாக்கின் குறுக்காக, குளிர்விக்கும் தண்ணீரை ஒட்டியே போனது. கொதித்துப்போகும். ஒரு பக்கத்தில் நாலு சிலிண்டர் இருந்தும் எக்ஸாஸ்ட் துளை மூன்றுதான். நடுவில் உள்ள இரண்டும் ஒரே வாசலைப் பகிர்ந்துகொண்டன, ஒண்டுக்குடித்தனம் மாதிரி. கிராங்க் ஷாப்டுக்கு மூன்றே மெயின் பேரிங். அடுத்த 20 வருஷம் அந்தப் பையன்கள் போராடியது இந்தக் குறைகளோடுதான்.

சில வருஷங்களில் விபத்தில் நசுங்கிய வி-8 கார்கள் பழைய இரும்புக் கடைக்கு வர ஆரம்பித்தன. நம் சென்னை புதுப்பேட்டையை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் ஓர் இன்ஜினை அள்ளிக்கொண்டு வந்து, எடை குறைந்த பழைய மாடல் ஏ அல்லது 1932 ரோட்ஸ்டரில் பொருத்துவதுதான் தொடக்கம்.

மூடியைச் சீவிய கதை

முதல் வேலை கம்ப்ரஷனைக் கூட்டுவது. கம்பெனி கொடுத்தது 5.5-க்கு 1. தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் ஆட்டோ சைக்கிள் கணக்கு போட்ட யாருக்கும் தெரியும், இந்த விகிதம் ஏறினால் திறன் ஏறும். மூடியை மில்லிங் மெஷினில் வைத்து அடிப்பக்கத்தைச் சீவினால் எரியும் இடம் குறையும், விகிதம் கூடும். சுலபம்தானே?

இங்கேதான் பக்கவால்வு இன்ஜின் தன் குணத்தைக் காட்டியது. வால்வு சிலிண்டருக்குப் பக்கத்தில் இருப்பதால், உள்ளே வரும் கலவை மேலே எழும்பி, மூடியின் அடியில் உள்ள குறுகலான இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் நகர்ந்து, பிறகுதான் சிலிண்டருக்குள் இறங்க வேண்டும். மூடியைச் சீவச் சீவ அந்த இடைவெளியும் குறுகுகிறது. கம்ப்ரஷன் ஏறுகிறது, ஆனால் இன்ஜினுக்கு மூச்சு முட்டுகிறது.

சரி, வழியை அகலப்படுத்துவோம் என்று வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள பிளாக்கின் மேல்விளிம்பைக் கிரைண்டரால் தேய்த்து எடுத்தார்கள். மூச்சு தாராளமாக வந்தது. ஆனால் இடம் கூடியதால் கம்ப்ரஷன் திரும்ப இறங்கியது! ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் பிடுங்கிக்கொள்கிற கடன்காரன் மாதிரி. எவ்வளவு சீவுவது, எவ்வளவு தேய்ப்பது என்பதற்கு அன்று அவர்களிடம் சூத்திரம் கிடையாது. ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவில் செய்து பார்த்தார்கள். நாம் நாலாவது வருஷத்தில் 'ஆப்டிமைசேஷன்' என்று ஒரு பேப்பர் எழுதினோமே, அதை அவர்கள் கொல்லைப்புறத்தில் அரத்தோடு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது கொள்ளளவு. சிலிண்டரைக் குடைந்து பெரிசாக்கலாம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தைக் கூட்டலாம். 1949-ல் மெர்குரி காரில் 4 அங்குல ஸ்ட்ரோக் கொண்ட கிராங்க் ஷாப்ட் வந்தது. அது பழைய ஃபோர்டு பிளாக்கிலும் உட்கார்ந்தது. சிலிண்டரை 85.7 மில்லிமீட்டருக்குக் குடைந்து, இந்த 101.6 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் கிராங்கைப் போட்டால் என்ன வரும்? கணக்கு போட்டுப் பாருங்கள், சுமார் 4.7 லிட்டர் வரும். கம்பெனியிலிருந்து வந்தபோது 3.6. ஒரு லிட்டருக்கு மேல் லாபம். ஆனால் குடையக் குடைய சிலிண்டர் சுவர் மெலியும். வார்க்கும்போது கோர் ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் சுவர் ஓரிடத்தில் ஏற்கெனவே மெலிசாக இருக்கும், அது வெளியே தெரியாது. அப்படிப்பட்ட பிளாக்குக்கு ஆயுள் கெட்டியில்லை.

மூன்றாவது, மூச்சு. எட்டு சிலிண்டருக்கு ஒரே கார்புரேட்டர் போதாது. இரண்டு வைக்க வேண்டுமானால் புது மேனிஃபோல்டு வேண்டும். லாஸ் ஏஞ்சலீஸில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த விக் எடல்பிராக் என்பவர் 1938-ல் ஒரு 1932 ரோட்ஸ்டர் வாங்கினார். அதற்காகத் தானே இரட்டைக் கார்புரேட்டர் மேனிஃபோல்டு ஒன்றை வடிவமைத்தார். பார்த்தவர்கள் "எனக்கும் ஒண்ணு" என்று கேட்க, வார்த்து விற்க ஆரம்பித்தார். அந்தக் குடும்பத் தொழில்தான் எடல்பிராக் என்ற பெயரில் பெரிய கம்பெனியாக வளர்ந்தது.

நாலாவது கேம் ஷாப்ட். வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். எட் வின்ஃபீல்டு என்பவர் இதில் மன்னர். அவர் அரைத்த கேமுக்கு ஏக கிராக்கி. யுத்தம் முடிந்த சமயம் எட் இஸ்கெண்டேரியன் என்ற இளைஞருக்கு ஒரு நல்ல கேம் தேவைப்பட்டது. காத்திருப்போர் வரிசையோ நீளம். பொறுத்துப் பார்த்தவர், ஒரு பழைய கிரைண்டிங் மெஷினை வாங்கி, கேம் அரைக்கும் மெஷினாகத் தானே மாற்றிவிட்டார். 1946-ல் அதுவே அவருடைய தொழிலாகவும் ஆகிவிட்டது. பாகம் கிடைக்கவில்லை என்றால் பாகத்தைச் செய்யும் மெஷினையே செய்வது! நம் ஒர்க்ஷாப்பில் ஷேப்பிங் மெஷினுக்கு உதிரி பாகம் கிடைக்காமல் மாஸ்டர் தானே லேத்தில் கடைந்து போட்டதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சமாச்சாரம் அந்நியமாகத் தோன்றாது.

ஏரிக்கரை நியாயம்

இவ்வளவும் செய்தாயிற்று. கார் உறுமுகிறது. ஓட்டினால் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது. ஆனால் 'மாதிரி இருக்கிறது' என்பது அளவா? சத்தம் கூடினாலே வேகம் கூடியதாக மனசு நம்பிவிடும். இந்த மயக்கத்திலிருந்து அந்தப் பையன்களைக் காப்பாற்றியது ஏரி.

லாஸ் ஏஞ்சலீஸுக்கு வடக்கே மொஹாவி பாலைவனத்தில் மியூராக், எல் மிராஜ், ரோசமண்ட் என்று வற்றிய ஏரிகள் உண்டு. மழைக்காலத்தில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கோடையில் காய்ந்து, சிமெண்ட் தரை மாதிரி இறுகிய களிமண் வெளியாகிவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் மேடு பள்ளம் இல்லை. சனிக்கிழமை ராத்திரி கிளம்பிப் போய், விடிந்ததும் ஓட்டுவார்கள். ஆரம்பத்தில் பத்துப் பதினைந்து கார்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நேரத்தில் பாயும். முன்னால் போகிறவன் கிளப்பும் புழுதியில் பின்னால் வருகிறவனுக்குக் கண் தெரியாது. ஆபத்தான விளையாட்டு.

1937-ல் பல சிறிய கிளப்புகள் சேர்ந்து 'சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன்' என்ற சங்கத்தை ஆரம்பித்தன. பெயரைக் கவனியுங்கள். ரேஸ் சங்கம் என்று வைக்கவில்லை, நேரம் அளக்கும் சங்கம் என்று வைத்தார்கள். காரைப் பரிசோதித்து, வகை பிரித்து, ஓட்டி, நேரத்தைக் குறித்துக் கொடுப்பது அதன் வேலை. ஓடி முடித்தவருக்கு வேகம் பொறித்த சின்னப் பித்தளைத் தகடு. அதை டாஷ்போர்டில் ஆணி அடித்து வைத்துக்கொள்வார்கள். நம் வீட்டில் யுனிவர்சிட்டி ராங்க் சர்டிஃபிகேட்டை மாட்டுவது போல.

அந்தத் தகட்டின் பின்னால் உள்ள கணக்கைப் பாருங்கள். கால் மைல் தூரத்தை 7.5 நொடியில் கடந்தால் மணிக்கு 120 மைல். 7.6 நொடி ஆனால் 118.4. பத்தில் ஒரு நொடி, ஒன்றரை மைலுக்கு மேல் வித்தியாசம். போன மாதம் 118, மூடியை இன்னும் கொஞ்சம் சீவியபின் இந்த மாதம் 116 என்றால், எவ்வளவு ஆசையாகச் சீவியிருந்தாலும் அது தப்பு. வாதமே கிடையாது. கடிகாரம் யார் முகத்தையும் பார்க்காது.

கடிகாரம் இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. காற்றை எதிர்த்து ஓடத் தேவையான சக்தி, வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 75 மைல் போகும் கார் 120 மைல் போக வேண்டுமானால் வேகம் 1.6 மடங்கு. அதன் மூன்றாம் அடுக்கு ஏறக்குறைய 4.1. அதாவது 65 குதிரை போதாது, சுமார் 265 குதிரை வேண்டும். யுத்தத்துக்கு முந்தைய பக்கவால்வு இன்ஜினை எப்படிப் பிழிந்தாலும் அவ்வளவு சாறு வராது. பின் எப்படி 120 போனார்கள்? மட்கார்டைக் கழற்றினார்கள். முன் கண்ணாடியைக் கழற்றினார்கள், ஹெட்லைட்டைக் கழற்றினார்கள். காரைத் தாழ்த்தினார்கள். காற்றுக்குக் காட்டும் முகத்தைச் சின்னதாக்கினார்கள். எடல்பிராக் 1941 நவம்பரில் ரோசமண்ட் ஏரியில் மணிக்கு 121 மைல், அதாவது சுமார் 195 கிலோமீட்டர் போனது இப்படித்தான். கழற்றியதை எல்லாம் திரும்ப மாட்டிக்கொண்டு அதே காரில் வீடு திரும்பும் காலம் அது.

யுத்தம் கொடுத்த படிப்பு

அடுத்த மாதமே அமெரிக்கா யுத்தத்தில் குதித்தது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பையன்கள் பலர் ராணுவத்துக்குப் போனார்கள். மியூராக் ஏரி விமானப்படைத் தளமாயிற்று. 1947 அக்டோபர் 14 அன்று சக் யீகர் ஒலியின் வேகத்தை முதன்முதலாகத் தாண்டினாரே, அந்த விமானம் வந்து இறங்கியது இதே மியூராக்கில்தான். பழைய ஃபோர்டு ஓடிய அதே தரை!

யுத்தம் முடிந்து திரும்பியவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. விமான இன்ஜின், வெல்டிங், அலுமினியம், ஹைட்ராலிக்ஸ் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்திருந்தார்கள். ராணுவம் கழித்துக்கட்டிய சாமான்களும் மலிவாக வந்தன. 1946-ல் பில் பர்க் என்பவர் போர் விமானத்தின் வயிற்றுக்கு அடியில் தொங்கும் உபரி எரிபொருள் தொட்டியை வாங்கி, அதையே கார் உடம்பாக ஆக்கினார். காற்றில் வழுக்கிச் செல்வதற்கென்றே விமான என்ஜினியர்கள் வடிவமைத்த உருவம், ஆக்கர் கடை விலையில்! முன்னே சொன்ன மூன்றாம் அடுக்குக் கணக்குக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான விடை இருக்க முடியுமா?

பெயிண்ட் கம்பெனியில் கெமிஸ்டாக இருந்த ஸ்டூவர்ட் ஹில்போர்ன் கார்புரேட்டரையே தூக்கி எறிந்துவிட்டு எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் முறையைத் தானே உருவாக்கினார். 1948-ல் அவருடைய கார் வற்றிய ஏரியில் மணிக்கு 150 மைலைத் தாண்டியது. அதே வருஷம் ஜனவரியில் 'ஹாட் ராட்' பத்திரிகை வெளிவந்தது. அதுவரை ஷெட்டுக்கு ஷெட் வாய்வழியாகப் போன விஷயங்கள் அச்சில் ஏறின. 1949-ல் யூட்டா மாநிலத்தின் பானவில் உப்புவெளியில் வருடாந்திரப் போட்டி ஆரம்பமாயிற்று.

தெருவும் பிரேக்கும்

இதுவரை சொன்னது பெருமை. மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

எல்லோரும் ஏரிக்குப் போகவில்லை. ஊருக்குள்ளேயே ராத்திரி நேரத்தில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்டவர்கள் உண்டு. விபத்துகள் நடந்தன. பத்திரிகைகள் ஹாட் ராட் என்ற வார்த்தையையே ரௌடி என்ற அர்த்தத்தில் எழுதின. போலீஸ் துரத்தியது. நியாயமாக மெக்கானிக் வேலை பார்த்தவனுக்கும் கெட்ட பெயர்.

இன்னொரு உண்மை. 1932 ஃபோர்டின் பிரேக் கம்பியாலும் நெம்புகோலாலும் இயங்குவது. 65 குதிரைக்கு அது சுமாராகப் போதும். இன்ஜினை இரண்டு மடங்காக்கியவன் பிரேக்கை அப்படியே விட்டால்? ஃபோர்டு கம்பெனியே 1939 மாடலில்தான் ஹைட்ராலிக் பிரேக்குக்கு வந்தது. விவரம் தெரிந்தவர்கள் புது மாடலின் ஹைட்ராலிக் பிரேக்கை எடுத்துப் பழைய ஆக்ஸிலில் பொருத்தினார்கள். இது வெளியே தெரியாத வேலை. யாரும் பார்த்து வியக்கப் போவதில்லை. ஆனால் ஒருவன் என்ஜினியரா, வெறும் வேகப்பைத்தியமா என்பது அவன் காரின் பிரேக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தெருவிலிருந்து பையன்களை விலக்க வேறு இடம் கொடுத்தாக வேண்டும் என்று புரிந்துகொண்டவர்களும் இருந்தார்கள். 1950-ல் சான்டா ஆனா விமான நிலைய ஓடுபாதையில் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் ஆரம்பமாயிற்று. நின்ற நிலையிலிருந்து கால் மைல், இரண்டு கார், ஒரு கடிகாரம். 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். ஓட்டும் முன் பரிசோதனை கட்டாயம். திட்டித் தீர்த்துக்கொண்டிருந்த போலீஸ் அதிகாரிகளில் சிலரே உதவிக்கு வந்தார்கள்.

கடைசியில் ஃபோர்டின் தட்டைத் தலைக்கு முடிவு வந்தது. 1949-ல் காடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபைலும் தலைக்கு மேல் வால்வு வைத்த நவீன வி-8 இன்ஜின்களைக் கொண்டுவந்தன. அமெரிக்காவில் ஃபோர்டு 1953-உடன் பக்கவால்வு வி-8 இன்ஜினை நிறுத்தியது. 1955-ல் செவர்லே 4.3 லிட்டர் வி-8 வந்தபோது கடையில் வாங்கும்போதே 162 குதிரைத்திறன். அந்தச் சமயம் செவர்லே வேலையில் சேர்ந்திருந்தவர் ஸோரா ஆர்கஸ் டன்டாவ். 1947-ல் பழைய ஃபோர்டு வி-8 இன்ஜினுக்கு மேல்வால்வுத் தலை செய்து விற்றவர்! அவர் 1953 டிசம்பரில் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். இளைஞர்கள் ஃபோர்டையே சுற்றுகிறார்கள், அவர்கள் நம் பக்கம் வர வேண்டுமானால் வேகம் கூட்டும் பாகங்களை நாமே செய்து கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். கொல்லைப்புறத்துப் பையன்களின் வேலை பெரிய கம்பெனியின் திட்டத்துக்குள் நுழைந்த இடம் இது.

நம்ம ஊரிலும் ஓர் ஓடுபாதை

யுத்தம் விட்டுச்சென்ற ஓடுபாதை அமெரிக்காவுக்கு மட்டுமா சொந்தம்? சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலக யுத்த காலத்து விமானத் தளம் ஒன்று உண்டு. 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல வருஷம் பந்தயங்கள் நடத்தியது. அந்தக் காலத்தில் நம் நாட்டில் வேகமான கார் என்று ஒன்று கடையில் கிடையாது. கிடைத்தது ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர். ஆகவே நம் ஆட்களும் அதே வேலையைச் செய்தார்கள். மூடியைச் சீவினார்கள், போர்ட்டைத் தேய்த்தார்கள், இரட்டைக் கார்புரேட்டர் வைத்தார்கள், சீட்டைக் கழற்றி எடை குறைத்தார்கள். மனைவி மக்களோடு மாமியார் வீட்டுக்குப் போகப் பிறந்த கார்கள் சோழவரத்தில் சீறின. சீனியர்களில் பலருக்கு அந்தப் புழுதியும் ஆமணக்கு எண்ணெய் கருகும் வாசனையும் இன்னும் மூக்கில் இருக்கலாம்.

1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தளம் திறக்கப்பட்டது. கோயம்புத்தூர் கரிவரதன் சாதாரண மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கி, குறைந்த செலவில் இளைஞர்களுக்குப் பந்தயக் கதவைத் திறந்துவிட்டார். 1995-ல் விமான விபத்தில் காலமானார். கோவையில் 2003-ல் திறந்த பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தம்பி தங்கைகளுக்கு

இப்போது கேள்விக்கு வருகிறேன். பழைய காரை மாற்றலாமா?

முதலில் சட்டம். சாலையில் ஓடும் வண்டியைக் கம்பெனியின் மூல விவரக் குறிப்புக்கு மாறாக மாற்றியமைக்கக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்திவிட்டது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ளது ஒன்று, வண்டியில் உள்ளது ஒன்று என்றால் விபத்து நடக்கும் நாளில் இன்ஷூரன்ஸ்காரரும் கை விரிப்பார். அதனால் எதையும் தொடுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேகம்தான் வேண்டுமென்றால் அதற்கு இடம் மூடிய தளம். பாஹா, ஃபார்முலா என்று மாணவர் போட்டிகள் இன்று இருக்கின்றன. எங்கள் காலத்தைவிட உங்களுக்கு வசதி அதிகம்.

இரண்டாவது, வேலையின் வரிசை. முதலில் பிரேக், பிறகு ஸ்டியரிங்கும் டயரும், கடைசியில்தான் இன்ஜின். ஹாட் ராட் பையன்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்து பட்டார்கள். நாமும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது, ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். தொடுவதற்கு முன் இருந்த நிலையை அளந்து எழுதுங்கள். கம்ப்ரஷன் எவ்வளவு, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், தளத்தில் குறிப்பிட்ட தூரத்துக்கு எத்தனை நொடி. பிறகு ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மறுபடியும் அளங்கள். நாலு மாற்றத்தை ஒரே நாளில் செய்துவிட்டு, தேறியது எதனால் என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. நான் வேலை பார்க்கும் இடத்தில் இன்ஜினை டைனமோமீட்டரில் ஏற்றிச் சோதிக்கிறோம். கோடிக்கணக்கில் விலை, கம்ப்யூட்டர், சென்சார் எல்லாம் உண்டு. இருந்தும் அங்கே நடப்பது ஏரிக்கரையில் நடந்த அதே விசாரணைதான். முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, வேறு எதுவும் மாறவில்லையே?

நான்காவது, கண்டதை மறைக்காதீர்கள். தேறாத சோதனையையும் நோட்டில் எழுதி, அடுத்த வருஷத்துப் பையன்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கிளப்பில் பேசியும் பத்திரிகையில் எழுதியும்தான் அந்தப் பக்கவால்வு இன்ஜினை அவர்கள் அவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள்.

நம் டிபார்ட்மெண்ட் ஒர்க்ஷாப்பில் லேத்தும் மில்லிங் மெஷினும் கிரைண்டரும் சும்மா இருக்கும் சாயங்காலங்கள் நிறைய உண்டு. எச்.ஓ.டி. அவர்களிடமும் மாஸ்டரிடமும் முறையாகக் கேட்டு அனுமதி வாங்குங்கள். பழைய இன்ஜின் ஒன்றை வாங்கித் தர எங்கள் பேட்ச் தயார். நோட்டுப் புத்தகம் மட்டும் உங்கள் செலவு. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அதைத்தான் முதலில் கேட்பேன்.